மீண்டும் கையில் ஸ்கேலர்

ஓசூர் – கிருஷ்ணகிரி தொழிற்பகுதியில், பல் சுகாதாரம் படித்துவிட்டு வீட்டோடு நின்றுபோன பெண்களை வேலைக்குத் திரும்ப அழைப்பது எப்படி?

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் பலருடைய முன்பற்களில் ஒரு பழுப்புக் கறை இருக்கும். சிலருக்குச் சுண்ணாம்பு நிறத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். இன்னும் சிலருக்கு எனாமலே குழி விழுந்திருக்கும். அவர்கள் பல் துலக்காததால் வந்த கறை இல்லை இது. பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்து வரும் ஃபுளோரைடு, பல் முளைப்பதற்கு முன்பே ஈறுக்குள் செய்துவிட்ட வேலை.

குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் உச்ச வரம்பு. அதைத் தாண்டிய தண்ணீரை வேறு வழியின்றிக் குடித்த கிராமங்கள் இந்த இரு மாவட்டங்களிலும் ஏராளம். அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் வந்தது. 2013இல் அது தொடங்கிவைக்கப்பட்டு காவிரித் தண்ணீர் ஊர்களுக்குள் வந்தது. ஆனால் நிரந்தரப் பற்களின் எனாமல் உருவாவது ஏறத்தாழ எட்டு வயதுக்குள். இன்று சிப்காட் தொழிற்பேட்டையில் மெஷின் முன்னால் நிற்கும் இருபத்தைந்து வயது இளைஞருக்குக் குழாய்த் தண்ணீர் வந்தபோது, அவர் பற்களின் கதை எழுதி முடிக்கப்பட்டிருந்தது.

கல்யாணப் பேச்சு எடுக்கும் நேரத்தில் அவர் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். “க்ளீன் பண்ணி வெள்ளையாக்கிக் குடுங்க” என்கிறார். அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் மேற்கொண்டு எல்லாமே. பயிற்சி இல்லாத உதவியாளர் என்றால் மெஷினை வைத்து இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பார். கறை போகாது. பல் கூசத் தொடங்கும். முறையாகப் படித்த டென்டல் ஹைஜீனிஸ்ட் என்றால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்: “தம்பி, இது உள்ளே ஏறின கறை, க்ளீனிங்ல போகாது. அதுக்கு டாக்டர் வேற சிகிச்சை சொல்லுவாங்க. ஆனா கீழ் முன்பல்லுக்குப் பின்னாடி காரை கட்டியிருக்கு, ஈறுல ரத்தம் வருது. அதை நான் எடுத்துடறேன்.”

அந்த இரண்டாமவரைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. அவர் நம் ஊர்களில் அபூர்வம். படித்தவர்களிலும் பலர் கல்யாணம், பிரசவம், மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொள்ளுதல் என்று பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வேலையை விட்டவர்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் திரும்பி வரலாமா என்று யோசிக்கிறார்கள். அந்த யோசனையை வேலையாக மாற்றும் பாலம்தான் மறுபயிற்சி. அதை கர்நாடக எல்லையை ஒட்டிய இந்தப் பகுதியிலேயே கட்ட முடியும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

சட்டம் தந்த இடம்

1948இல் இந்தியாவில் நிறைவேறிய சட்டங்களில் மூன்று ஓசூருக்கு மிக நெருக்கமானவை. ஒன்று தொழிற்சாலைகள் சட்டம். மற்றொன்று தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், அதாவது இ.எஸ்.ஐ. மூன்றாவதை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. அதுதான் பல் மருத்துவர்கள் சட்டம். பல் மருத்துவர், டென்டல் மெக்கானிக், டென்டல் ஹைஜீனிஸ்ட் என்று மூவரை அது தனித்தனியாக அடையாளம் கண்டு, மூவருக்கும் பதிவேடு வைக்கச் சொன்னது. ஹைஜீனிஸ்ட் என்பவர் பற்காரையை அகற்றி, பற்களைச் சுத்தம் செய்து மெருகேற்றுபவர், வாய்ச் சுகாதாரம் பற்றி அறிவுரை சொல்பவர். இந்த இரண்டு வேலைகளையும் அந்தச் சட்டமே விளக்கி வைத்திருக்கிறது. பல் பிடுங்குவதோ, சொத்தையை அடைப்பதோ அவர் வேலை இல்லை. பல் மருத்துவரின் மேற்பார்வையில்தான் அவர் வேலை செய்ய வேண்டும்.

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்கள் இரண்டு ஆண்டு டிப்ளமோ படித்து இந்தத் தொழிலுக்கு வரலாம். இருந்தும் இந்தியாவில் பல் மருத்துவர்கள் லட்சக்கணக்கில் பதிவாகியிருக்க, ஹைஜீனிஸ்டுகள் சில ஆயிரங்களிலேயே நின்றுவிட்டார்கள். காரணத்தை மறைக்க வேண்டியதில்லை. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் பெருகின. புதிதாக பி.டி.எஸ். முடித்தவர்களே குறைந்த சம்பளத்துக்குக் கிடைத்தார்கள். காரையெடுக்கும் ஸ்கேலிங் வேலை அவர்கள் தலையில் விழுந்தது. அதுவும் கட்டுப்படியாகாத சின்ன கிளினிக்குகளில், வேலை பார்த்தே கற்றுக்கொண்ட உதவியாளர் கைக்கு மெஷின் போனது. சட்டப்படி அது தவறு. பதிவு இல்லாதவர் பல் சுத்தம் செய்வதைத் தொழிலாகச் செய்யக் கூடாது என்று அதே 1948 சட்டம் சொல்கிறது.

இடையில் வேலையை விட்டவர் பெரும்பாலும் பெண். அவர் விட்டதற்கும் ஒரு சட்டக் காரணம் உண்டு. பேறுகாலப் பலன் சட்டத்தை 2017இல் திருத்தி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்றார்கள். டி.வி.எஸ்., டைட்டன் போன்ற பெரிய ஆலைகளில் வேலை செய்யும் பெண்ணுக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது. ஒரு பல் கிளினிக்கில் மொத்தமே நான்கைந்து பேர்தான். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கடைகளையும் நிறுவனங்களையும் அந்தச் சட்டம் தொடவில்லை. ஆகவே ஏழாம் மாதம் வரை நின்று வேலை செய்துவிட்டு, “குழந்தை பொறந்ததும் பாத்துக்கலாம்மா” என்ற வாய்வார்த்தையோடு வீட்டுக்குப் போனவர்கள் அவர்கள். திரும்பி வரும்போது அந்த இடத்தில் வேறொருவர் இருப்பார்.

ஓர் ஆலை நகரத்தில் பிறந்த தொழில்

இந்தத் தொழில் பிறந்ததே ஓர் ஆலை நகரத்தில்தான். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிரிட்ஜ்போர்ட் என்ற ஊர். தையல் மெஷினும் துப்பாக்கித் தோட்டாவும் செய்த தொழில் நகரம். அங்கே பல் மருத்துவராக இருந்த ஆல்ஃபிரட் ஃபோன்ஸ், 1906இல் தன் உதவியாளரும் உறவினருமான ஐரீன் நியூமனுக்குப் பல் சுத்தம் செய்யும் முறையைக் கற்றுக்கொடுத்தார். 1913இல் தன் வீட்டு வண்டிக் கொட்டகையிலேயே பள்ளி ஒன்றைத் தொடங்கினார். முதல் வகுப்பில் சேர்ந்தவர்களில் ஆசிரியைகள் இருந்தார்கள், செவிலியர்கள் இருந்தார்கள், பல் மருத்துவர்களின் மனைவிமாரும் இருந்தார்கள். பள்ளிப் படிப்பு முடித்த கையோடு வந்த சிறுமிகள் அல்ல அவர்கள், வாழ்க்கையைப் பார்த்த பெண்கள். தேறியவர்களை பிரிட்ஜ்போர்ட் நகரக் கல்வி நிர்வாகம் பள்ளிகளுக்கு எடுத்துக்கொண்டது. ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு அவர்கள் பல் சுத்தம் செய்தார்கள், துலக்கக் கற்றுக்கொடுத்தார்கள். 1917இல் ஐரீன் நியூமன் உலகின் முதல் டென்டல் ஹைஜீனிஸ்ட் உரிமம் பெற்றார்.

முப்பத்தைந்து வயதில் திரும்பி வரும் பெண்ணை ‘வயதாகிவிட்டது, கை வராது’ என்று ஒதுக்குகிறவர்களுக்கு அந்த முதல் வகுப்பைத்தான் காட்ட வேண்டும். ஃபோன்ஸ் தேடியது இளம் கைகளை அல்ல. பேச்சுத் தெரிந்த, பொறுமை உள்ள பெண்களை.

கை எதை மறக்கிறது?

2012இல் டிப்ளமோ முடித்து, இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டு நின்ற ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவர் முதலில் பயப்படுவது புத்தகத்தைப் பற்றி. நிஜமான இழப்பு கையில்தான்.

ஸ்கேலரைப் பேனா பிடிப்பது போலத்தான் பிடிக்க வேண்டும், ஆனால் நடுவிரலின் நுனிப்பஞ்சு கருவியின் கழுத்தில் படிந்திருக்க வேண்டும். மோதிர விரல் பக்கத்துப் பல்லின் மேல் ஊன்றியிருக்க வேண்டும். அந்த ஊன்று விரல் இல்லாவிட்டால் கருவி வழுக்கி ஈறைக் கிழிக்கும். நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்புகிறவருக்குப் பிடி இறுகிப்போகும். விரல் நுனி வெளுக்கும் அளவுக்கு அழுத்துவார். அரை மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். இறுக்கிப் பிடித்த கைக்குக் காரையின் சொரசொரப்பும் வேரின் வழுவழுப்பும் ஒன்றுபோலவே தெரியும். மனித வாய்க்குள் போவதற்கு முன் பொம்மைத் தலையில், பிளாஸ்டிக் பற்களில், சில நாள் இதை மட்டுமே செய்துபார்க்க வேண்டும். இதற்குக் குறுக்குவழி கிடையாது.

அடுத்தது, யாரும் சொல்லிக்கொடுக்க நேரம் ஒதுக்காத ஒரு வேலை: தீட்டுவது. கிரேசி கியூரெட் என்ற வளைந்த கருவிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் மட்டுமே கூர். கடைவாய்ப் பல்லின் முன்பக்கச் சுவருக்கு 11/12 எண் கருவி, பின்பக்கச் சுவருக்கு 13/14. அந்தக் கூர் மழுங்கிவிட்டால், மழுங்கிய அரிவாள்மணையில் தக்காளி நசுங்குவது போலத்தான் நடக்கும். காரை பெயராமல் தேய்ந்து வழுவழுப்பாகி வேரோடு ஒட்டிக்கொள்ளும். தொட்டுப் பார்த்தால் சுத்தமாக இருக்கிறது என்றே தோன்றும். அடியில் நோய் நடந்துகொண்டிருக்கும். தீட்டும்போது கியூரெட்டின் முகம் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். அந்த முகத்துக்கும் கல்லுக்கும் இடையே 100 முதல் 110 டிகிரி கோணம். ஆர்கன்சாஸ் கல்லில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மேலும் கீழுமாகச் சிறு இழுப்புகள். பிறகு விளக்கடியில் பிடித்துப் பார்க்க வேண்டும். விளிம்பில் ஒளி பளிச்சிட்டால் மழுங்கல். ஒளி விழாமல் விளிம்பே கண்ணுக்குத் தெரியாவிட்டால் கூர். பிளாஸ்டிக் குச்சி ஒன்றில் வைத்தால் கூரான கருவி கடித்துப் பிடிக்கும், மழுங்கியது வழுக்கும். என்னைக் கேட்டால், திரும்பி வருகிற ஒருவருக்கு முதல் நாள் பாடமாக இதைத்தான் வைப்பேன். தன் கருவியைத் தானே தீட்டியவருக்கு நம்பிக்கை பாதி திரும்பிவிடும்.

மெஷினிலும் ஒரு ரகசியம் உண்டு. அல்ட்ராசானிக் ஸ்கேலரின் நுனி நொடிக்கு 25,000 முறைக்கு மேல் அதிர்கிறது. அந்த நுனி ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் திறனில் ஏறத்தாழ கால் பங்கு போய்விடும், இரண்டு மில்லிமீட்டர் தேய்ந்தால் பாதி. நுனி தேய்ந்ததை அளவு அட்டையில் வைத்துப் பார்த்து மாற்றாமல், ‘மெஷின் பவர் பத்தல’ என்று பவரைக் கூட்டினால் நோயாளிக்குக் கூச்சமும் வலியும்தான் மிச்சம்.

இனி, அவர் வீட்டில் இருந்த காலத்தில் மாறியவை. ஈறு நோய்க்கு அவர் படித்தது 1999ஆம் ஆண்டு வகைப்பாடு. 2017இல் அமெரிக்க, ஐரோப்பிய ஈறு நோய் நிபுணர் அமைப்புகள் கூடி அதை மாற்றிவிட்டன. இப்போது நோயின் தீவிரத்துக்கு ஒன்று முதல் நான்கு வரை நிலை. வேகத்துக்கு ஏ, பி, சி என்று தரம். தினம் பத்து சிகரெட்டோ அதற்கு மேலோ பிடிப்பவர், மூன்று மாத சர்க்கரை சராசரி 7 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளவர் நேராக சி தரத்துக்குப் போவார். சர்க்கரையும் ஈறும் ஒன்றையொன்று கெடுக்கும் என்பது புதிய வகைப்பாட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

இது இந்தப் பகுதிக்கு வெறும் ஏட்டுச் செய்தி அல்ல. வீடு தேடிப் போய் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிவைக்கப்பட்டது கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். அந்த மருந்துப் பைகளில் அடிக்கடி இருக்கும் பெயர் அம்லோடிபின். சிலருக்கு அது ஈறை வீங்கவைத்துப் பற்களின் மேல் ஏறச் செய்யும். காரையை எடுத்து, துலக்கும் முறையைச் சரிசெய்து, மாத்திரையை மாற்றலாமா என்று மருத்துவரைக் கேட்கச் சொல்வது ஹைஜீனிஸ்ட் செய்ய வேண்டிய வேலை. மாத்திரை அட்டையை வாங்கிப் படிக்கும் பழக்கத்தை மறுபயிற்சியிலேயே ஊன்ற வேண்டும்.

கிருமித் தடுப்பில் வந்த மாற்றம் இன்னும் பெரியது. 2016இல் உயிர்மருத்துவக் கழிவு விதிகள் புதிதாக வந்தன. ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பைக்கு, கையுறையும் உறிஞ்சு குழாயும் சிவப்புக்கு, ஊசி துளைபடாத வெள்ளைப் பெட்டிக்கு. கருவிகளைக் கொதிநீரில் போட்டு எடுத்த காலம் முடிந்தது. ஆட்டோகிளேவ், அதுவும் உறையில் போட்டு, சூடு போதுமான அளவு ஏறியதா என்று நிறம் மாறும் பட்டையைப் பார்த்த பிறகே கருவி வெளியே வரும். 2020க்குப் பிறகு மெஷின் கிளப்பும் நீர்த்திவலையைப் பற்றிய அச்சம் எல்லா கிளினிக்குக்கும் வந்தது. என்95 முகக்கவசம், முகத்திரை, வலுவான உறிஞ்சு குழாய், சிகிச்சைக்கு முன் வாய் கொப்பளிப்பு எல்லாம் அன்றாடமாயின. அவருடைய பழைய நோட்டுப் புத்தகத்தில் இந்தப் பக்கங்கள் இருக்காது.

ஃபுளோரைடு பாடத்தை மட்டும் இங்கே மாற்றித்தான் எழுத வேண்டும். எல்லாப் பாடநூல்களும் ஃபுளோரைடைப் பல்லின் காவலனாகவே சொல்லும். சொத்தையைத் தடுப்பதில் அது உண்மையும்கூட. ஆனால் இந்த மாவட்டத்தில் ஒரு குழந்தைக்கு ஃபுளோரைடு ஜெல் போடுவதற்கு முன், ‘எந்த ஊர்? போர் தண்ணியா, காவிரித் தண்ணியா?’ என்று கேட்காமல் கருவியைத் தொடக் கூடாது. சின்னப் பிள்ளைகள் பேஸ்ட்டை விழுங்கும். மூன்று வயதுக்குள் அரிசியளவு, அதற்கு மேல் பட்டாணியளவு போதும் என்று தாயிடம் விரல் நுனியில் காட்டிச் சொல்ல வேண்டும். சென்னையில் அச்சாகும் பாடத்திட்டத்தை அப்படியே கொண்டுவந்தால் இந்தக் கேள்வி அதில் இருக்காது.

நாற்காலிக்குப் பக்கத்தில் நடக்கும் பேச்சு

சட்டம் சொன்ன இரண்டாவது வேலை அறிவுரை. தொழிலில் பாதி அதுதான். ஓசூரில் அதற்கு மூன்று மொழி வேண்டும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் ஓடும் ஊர். இப்போது ஆலைகளுக்கு வந்த வட மாநிலத்தவரின் இந்தியும் சேர்ந்துகொண்டது. வெளியூரிலிருந்து புதிதாக வரும் இளம் பல் மருத்துவருக்கு இது தடுமாற்றம். பாகலூரிலோ தேன்கனிக்கோட்டையிலோ பிறந்த பெண்ணுக்கு மூன்று மொழியும் தாய்வீட்டுச் சீதனம். திரும்பி வரும் உள்ளூர்ப் பெண்ணிடம் உள்ள இந்தச் சொத்தை எந்தச் சான்றிதழும் கணக்கில் எடுப்பதில்லை. கிளினிக் நடத்துபவர்கள் எடுக்க வேண்டும்.

பேச வேண்டியது நிறைய இருக்கிறது. “க்ளீன் பண்ணா பல்லு ஆடிப்போயிடும்னு சொல்றாங்களேம்மா?” இந்தக் கேள்வி வராத நாளே இருக்காது. “இல்லம்மா, பல்லு ஏற்கெனவே ஆடிட்டுதான் இருந்துச்சு. காரை கட்டிப் பிடிச்சிட்டு இருந்ததால உங்களுக்குத் தெரியலை. இப்பவே எடுத்துட்டா மிச்ச எலும்பையாவது காப்பாத்தலாம்.” கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, அவர் பல்லையே அவருக்குக் காட்டியபடி சொன்னால் நம்புவார். சொல்லிவிட்டுப் போனால் நம்ப மாட்டார்.

புகையிலைப் பேச்சு இன்னும் கடினம். குட்காவுக்குத் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை. ஆனாலும் பெங்களூரு பக்கமிருந்து கடத்திவரும் மூட்டைகள் ஜூஜூவாடி சோதனைச் சாவடியில் பிடிபடும் செய்தி நின்றபாடில்லை. இரவு ஷிப்ட்டில் தூக்கம் வராமலிருக்க ஒரு பாக்கெட்டைக் கன்னத்தில் அடக்கிக்கொள்பவர்களின் வாய்க்குள், அடக்கிய இடத்தில் தோல் வெளுத்துச் சுருங்கியிருக்கும். புற்றுநோய்க்கு முந்தைய அந்த மாற்றத்தை முதலில் பார்க்கும் வாய்ப்பு பல் சுத்தம் செய்பவருக்கே அதிகம். பல்லை மட்டும் பார்க்காமல் கன்னம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி என்று வரிசையாகப் பார்த்து, சந்தேகம் வந்தால் அங்கேயே டாக்டரைக் கூப்பிடுவது மறுபயிற்சியில் கட்டாயப் பாடம். இதை ஒருவர் மறந்து வேலைக்குத் திரும்பினால் அதற்கு ஓர் உயிர் விலையாகலாம்.

எல்லைக்கு அப்பால் உள்ள நாற்காலி

எங்கே பயிற்சி எடுப்பது? தமிழ்நாட்டின் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் சென்னையிலும், சிதம்பரத்திலும், 2023இல் வந்த புதுக்கோட்டையிலும் இருக்கின்றன. ஓசூரிலிருந்து சென்னை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். நாற்பது கிலோமீட்டரில் பெங்களூரு இருக்கிறது, அங்கே அரசு பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. அத்திப்பள்ளியைத் தாண்டினால் பஸ்ஸுக்குப் பஸ். ஆனால் தமிழ்நாட்டுப் பதிவேட்டில் பெயர் இருக்கும் ஹைஜீனிஸ்ட் கர்நாடகத்தில் தொழில் செய்ய வேண்டுமென்றால் பெயரை அந்த மாநிலப் பதிவேட்டுக்கு மாற்ற வேண்டும். கர்நாடகத்தில் படித்து, கல்யாணமாகி ஓசூருக்கு வந்த பெண்ணுக்கு இதே சிக்கல் தலைகீழாக. இரு மாநிலக் கவுன்சில்களும் பேசி, பயிற்சியை மட்டுமாவது எல்லைக்கு அப்பால் முடிக்க அனுமதித்தால் வழி பாதியாகக் குறையும்.

அதைவிட நல்ல வழி, பயிற்சியை இங்கே கொண்டுவருவது. கிருஷ்ணகிரியில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்கே ஓர் அறையில் பொம்மைத் தலைகள் நான்கு, தீட்டும் கற்கள், ஒரு செட் கருவிகள், வாரம் இருமுறை வந்து போகும் ஈறு சிகிச்சை நிபுணர் ஒருவர். இதற்குப் பெரிய கட்டடம் வேண்டாம். மாலை வகுப்பும் வேண்டாம். பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரம் போதும்.

சட்டத்தின் பக்கமிருந்தும் ஒன்று நடக்க வேண்டும். 1948 சட்டப்படி, ஆண்டுக் கட்டணம் கட்டாவிட்டால் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். கட்டினால் திரும்பச் சேர்க்கப்படும். பணம் கட்டியாயிற்றா என்று கேட்கும் அந்தப் பிரிவு, கை பழக்கத்தில் இருக்கிறதா என்று கேட்பதில்லை. பிரிட்டனில் ஹைஜீனிஸ்ட் ஐந்தாண்டுக்கு 75 மணி நேரம் தொடர் கல்வி காட்ட வேண்டும். வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பதிவேட்டில் பெயர் இருக்கும்வரை இது பொருந்தும். நம் நாட்டில் 2023இல் நாடாளுமன்றம் தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. பல் மருத்துவருக்கு மட்டுமின்றி துணைப் பணியாளர்களுக்கும் பதிவேடு வைக்கச் சொல்லும் சட்டம் அது. அதன் கீழ் வரும் விதிகளில், இடைவெளிக்குப் பின் திரும்புகிறவருக்கு இத்தனை மணி நேர மறுபயிற்சி என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அது தண்டனையாக இல்லாமல், அரசே இலவசமாகத் தரும் உரிமையாக இருக்க வேண்டும். கட்டணம் வைத்தால், வீட்டில் கேட்டு வாங்க முடியாமல் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள்.

காலை ஒன்பது முதல் ஒன்று வரை

பயிற்சி முடிந்தவருக்கு வேலை எங்கே? இதில்தான் ஓசூர் மற்ற ஊர்களிலிருந்து வேறுபடுகிறது. பல் கிளினிக்குகளின் கூட்டம் மாலை ஆறு முதல் ஒன்பது வரை. பள்ளிப் பிள்ளைகள் உள்ள தாய்க்கு வீட்டை விட்டு நகர முடியாத நேரம் அதுதான். வேலையை விட்டவர்களில் பலர் இந்த நேரப் பிரச்சினையால்தான் விட்டிருப்பார்கள்.

ஆனால் இது மூன்று ஷிப்ட் ஊர். இரவு ஷிப்ட் முடிந்து காலை ஆறு, ஏழு மணிக்கு ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே வருகிறார்கள். இரண்டாம் ஷிப்ட்காரர்கள் பிற்பகல் வரை சும்மா இருக்கிறார்கள். இவர்களுக்குக் காலையில் பல் சுத்தம் செய்ய ஒரு நாற்காலி திறந்திருந்தால், அது பள்ளி நேரத்தோடு அப்படியே பொருந்தும். மாலைக் கூட்டத்தில் மருத்துவர் பத்து நிமிடத்தில் அவசரமாக முடிக்கும் ஸ்கேலிங்கை, ஹைஜீனிஸ்ட் காலையில் முக்கால் மணி நேரம் எடுத்து, துலக்கக் கற்றுக்கொடுத்து, ஆறு மாதம் கழித்து வரச் சொல்லி அனுப்பலாம். காலையில் சும்மா கிடக்கும் நாற்காலி மருத்துவருக்கும் நஷ்டம்தான். வேர்ச் சிகிச்சை போன்ற வேலையை அவர் பக்கத்து நாற்காலியில் பார்த்தபடியே மேற்பார்வையும் செய்யலாம்.

ஆலைகளும் இதில் கை கொடுக்க முடியும். இளம் பெண்களை ஆயிரக்கணக்கில் வேலைக்கு எடுத்து விடுதிகளில் தங்கவைத்திருக்கும் மின்னணு ஆலைகள் வந்துவிட்டன. பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். பல் வலி என்றால் லீவு போடப் பயந்து மாத்திரை போட்டுக்கொண்டு லைனில் நிற்பார்கள். விடுதிக்கு மாதம் ஒருமுறை பல் மருத்துவரோடு ஒரு ஹைஜீனிஸ்ட் போய்வந்தால் வலி வரும் முன்பே பிடித்துவிடலாம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. பாதுகாப்பு உண்டு. அதன் பல் பிரிவுகளில் சுத்தம் செய்யும் பணிக்கென்று ஹைஜீனிஸ்ட் இடங்களைக் கூட்டுவது, மருத்துவர் இடங்களைக் கூட்டுவதைவிடச் செலவு குறைவு.

சம்பளத்தையும் சொல்லியாக வேண்டும். திரும்பி வருகிறவரை ‘கற்றுக்கொள்ள வந்தவர்’ என்று சொல்லி உதவியாளர் சம்பளத்தில் அமர்த்தினால், அவர் ஆறு மாதத்தில் வீட்டுக்கே போய்விடுவார். பயிற்சி முடித்த நாளிலிருந்து முழுச் சம்பளம், முதல் மூன்று மாதம் நோயாளிகளின் எண்ணிக்கை மட்டும் குறைவு. அப்படித்தான் ஒப்பந்தம் எழுத வேண்டும்.

திரும்ப விரும்புகிறவர் நாளையே தொடங்கக்கூடியவை சில உண்டு. டிப்ளமோ சான்றிதழையும் பதிவுச் சான்றையும் தேடி எடுத்து, பெயர் பதிவேட்டில் இருக்கிறதா, கட்டணம் எத்தனை ஆண்டு பாக்கி என்று மாநில டென்டல் கவுன்சிலில் கேட்டுவிட வேண்டும். மாணவியாக இருந்தபோது போட்ட ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் எதிர்ப்புச் சக்தி உடலில் இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அளவு 10க்குக் கீழே இருந்தால் மறுபடி ஊசி. தெரிந்த பல் மருத்துவரிடம் ஒரு வாரம் பக்கத்தில் நின்று பார்க்க அனுமதி கேட்கலாம். நோயாளியைத் தொட வேண்டாம், கருவி சுத்தமாகும் வரிசையையும் கழிவுப் பைகளையும் பார்த்தாலே போதும். பழைய கியூரெட் ஒன்று பெட்டியில் கிடந்தால், அதை எடுத்து விளக்கடியில் பிடித்து விளிம்பைப் பாருங்கள். கல்லும் ஒரு சொட்டு எண்ணெயும் வாங்கி, பயிற்சி தொடங்கும் முன்பே அதைத் தீட்டிப் பழகலாம்.